எவிக்‌ஷன் (வீட்ட காலி பண்ண வைக்கற) கேஸ்ல ஜெயிச்சு லாயர் ஃபீஸையும் திரும்ப வாங்கிக் குடுத்த சான் ஹோசே லாயர் ஆஃபீஸ்: ஒரு ரிவ்யூ

கலிஃபோர்னியா பே ஏரியால வாடகைக்கு இருக்கற நம்ம ஆளுங்க யாராவது கதவுல மூணு நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்கறத பாத்துட்டு பதறிப்போய் லாயர் தேடிட்டு இருந்தீங்கன்னா, உங்களுக்காகத்தான் இத எழுதறேன். நாங்க போனது சான் ஹோசே டவுன்டவுன்ல ரெண்டே ரெண்டு லாயர் இருக்கற சின்ன ஆஃபீஸ். குடியிருக்கறவங்க பக்கம் மட்டும்தான் கேஸ் எடுப்பாங்க, ஓனர் பக்கம் எடுக்கறதே இல்ல. அதே வீட்டுலதான் இன்னும் இருக்கோம், அதனால ஆஃபீஸ் பேரு, அப்பார்ட்மென்ட் பேரு ரெண்டையும் இங்க போடல. ஆனா அவங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு முழுசா சொல்றேன், நீங்க எந்த லாயர்கிட்ட போனாலும் அத வெச்சு எடை போட்டுக்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எவிக்‌ஷன் லாயருக்கு ரிவ்யூ எழுதறவங்க எல்லாம் "ஜெயிச்சு குடுத்தாரு, சூப்பர்" அப்படின்னு எழுதி அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிடறாங்க. வீடு தங்கினது பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா பத்தாயிரம் டாலருக்கு மேல லாயருக்கு செலவு பண்ணி ஜெயிச்சு, அந்த காசு கைய விட்டுப் போச்சுன்னா நடுத்தர குடும்பத்துக்கு அது என்ன ஜெயிப்பு? அமெரிக்கால பொதுவா அவங்கவங்க லாயர் செலவ அவங்கவங்கதான் பாத்துக்கணும், ஜெயிச்சாலும் சரி தோத்தாலும் சரி. எதிராளி குடுக்கணும்னா ஒண்ணு லீஸ்ல எழுதியிருக்கணும், இல்லன்னா சட்டத்துல எங்கயாவது சொல்லியிருக்கணும். கலிஃபோர்னியால இது சிவில் ப்ரொசீஜர் கோட் 1021. இந்த ஆஃபீஸ் எனக்கு ஏன் பிடிச்சுதுன்னா, காசு எப்படி திரும்ப வரும்ங்கறத முதல் மீட்டிங்லயே மனசுல வெச்சுக்கிட்டுதான் ஒவ்வொரு அடியும் எடுத்து வெச்சாங்க.

எங்க கதை சுருக்கமா. மேனேஜ்மென்ட் கம்பெனி மாறினப்போ பேமென்ட் போர்ட்டலும் மாறி, எங்க ஆட்டோபே கட்டாயி, அந்த மாச வாடகை போகல. தெரிஞ்ச உடனே என் வீட்டுக்காரர் செக் கொண்டு போய் குடுத்தாரு, லேட் ஃபீ சேர்த்து குடுத்தாதான் வாங்குவோம்னு ஆஃபீஸ்ல திருப்பி குடுத்துட்டாங்க. அடுத்த வாரமே கதவுல நோட்டீஸ். அதுல வாடகை, அதோட லேட் ஃபீ, அதோட முன்னாடி மாசங்களோட தண்ணி குப்பை பில் எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா போட்டு மூணு நாள்ல கட்டு இல்லன்னா காலி பண்ணுன்னு இருந்துச்சு. நாங்க வாடகைய மட்டும் மறுபடியும் அனுப்பினோம், அதுவும் திரும்பி வந்துச்சு, அப்புறம் கோர்ட் பேப்பர்.

லாயர் அம்மா முதல் நாள் எங்க கதைய பாதிலயே நிறுத்திட்டு லீஸ கேட்டாங்க. நாப்பது பக்கத்துக்கு மேல இருந்த லீஸ், அத பின்னாடியிருந்து புரட்டி ஒரு பாராவுல விரல வெச்சாங்க. "ஓனர் இந்த லீஸ அமல்படுத்த கோர்ட்டுக்கு போனா, ஓனரோட அட்டர்னி ஃபீஸ டெனன்ட் குடுக்கணும்"ங்கற மாதிரி ஒரு வரி. அத படிச்சு எனக்கு வயித்த கலக்கிருச்சு, தோத்தா அவங்க லாயருக்கும் நாமளா குடுக்கணும்னு. அந்தம்மா பொறுமையா சொன்னாங்க, "இந்த வரி இருக்கறது உங்களுக்கு நல்லது. கலிஃபோர்னியால சிவில் கோட் 1717னு ஒரு செக்‌ஷன் இருக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும்னு எழுதினாலும் அது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். நீங்க ஜெயிச்சா உங்க ஃபீஸ அவங்க குடுக்கணும்." அதே மூச்சுல தோத்தா என்ன ஆகும்னும் ஒளிக்காம சொன்னாங்க, அவங்க லாயர் பில் நம்ம தலைல வரும், சுமாரா எவ்வளவு வரலாம்னு ஒரு தொகையும் சொன்னாங்க. நல்லத மட்டும் சொல்லி கையெழுத்து வாங்கற லாயர்களும் இருக்காங்க, அதனால இது எனக்கு ரொம்ப பெரிசா பட்டுச்சு.

லீஸ்ல அந்த பாரா எப்படி எழுதியிருக்குன்னு ஒவ்வொருத்தரும் பாத்து வெச்சுக்கறது நல்லது. சில லீஸ்ல பாராவே இருக்காது, அப்போ ரெண்டு பக்கமும் ஒப்பந்தப்படி ஃபீஸ் கேட்க முடியாது. சிலதுல "ஃபீஸும் கோர்ட் செலவும் சேர்த்து 1,000 டாலருக்கு மேல கிடையாது"ன்னு மூடி போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா எவ்வளவு செலவு பண்ணி ஜெயிச்சாலும் திரும்ப வர்றது அவ்வளவுதான், அத தெரிஞ்சுக்கிட்டுதான் லாயர்கிட்ட பட்ஜெட் பேசணும். எங்க லீஸ்ல மூடி இல்ல.

லீஸ்ல ஒண்ணும் இல்லாதவங்களுக்கு சட்டத்துல சில வழி இருக்கு, இதையும் அந்தம்மாதான் விளக்கினாங்க. வீடு குடியிருக்க லாயக்கில்லாம இருக்குன்னு சிட்டி இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்து 35 நாள் தாண்டியும் ஓனர் சரி பண்ணாம வாடகை கேட்டா சிவில் கோட் 1942.4 படி ஃபீஸ் கேட்கலாம். புகார் குடுத்ததுக்கு பழிவாங்கற மாதிரி வெளியேத்தப் பாத்தா 1942.5, ஆனா அதுல ஃபீஸ் வேணும்னு ஆரம்பத்துலயே கேட்டிருக்கணும். கரண்ட் தண்ணிய கட் பண்றது, பூட்ட மாத்தறது இதுக்கெல்லாம் 789.3, அதுல ஒரு நாளைக்கு 100 டாலர் வரைக்கும் நஷ்ட ஈடும் உண்டு லாயர் ஃபீஸும் உண்டு.

இப்போ வேலைக்கு வர்றேன். கோர்ட் பேப்பர் கைல வந்ததுலேர்ந்து பதில் போட முன்னாடி அஞ்சு நாள்தான் இருந்துச்சு, 2025 ஜனவரி 1 லேர்ந்து ஏபி 2347 சட்டத்தால 10 கோர்ட் நாள் ஆக்கியிருக்காங்க, சனி ஞாயிறு லீவு நாள் கணக்குல வராது. பதிலுக்கு யுடி-105னு ஒரு ஃபார்ம். அத பூர்த்தி பண்றப்போ கடைசி பக்கத்துல டிஃபெண்டன்ட் (யார் மேல கேஸ் போட்டிருக்காங்களோ அவங்க, இங்க நாங்க) என்ன கேட்கறாருங்கற இடத்துல "நியாயமான அட்டர்னி ஃபீஸ்"ங்கற கட்டத்த அந்தம்மா டிக் பண்ணி, பேனாவால அத தட்டிக் காட்டினாங்க. சின்ன கட்டம்தான், நிறைய பேர் அவசரத்துல விட்டுடறாங்களாம். அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

அடுத்து நோட்டீஸ். வாடகை பாக்கி நோட்டீஸ்ல உண்மைல பாக்கி இருக்கற வாடகைக்கு மேல ஒரு டாலர் கூட கேட்டாலும் குடியிருப்பு வீட்டுக்கு அந்த நோட்டீஸ் செல்லாதுங்கறதுதான் இவங்க வாதமே. லேட் ஃபீ வாடகை இல்ல. தண்ணி குப்பை பில்லையும் எங்க லீஸ்ல வாடகைன்னு எழுதல, தனியாத்தான் எழுதியிருந்துச்சு. கம்பெனியோட லெட்ஜர (எங்க வரவு பாக்கி கணக்க) வாங்கி வரி வரியா நோட்டீஸ் தொகையோட ஒப்பிட்டு ஒரே ஒரு பக்கத்துல டேபிள் போட்டாங்க. வேற பத்து டிஃபென்ஸ் (எதிர்வாதம்) இருந்துச்சு, எல்லாத்தையும் ஃபார்ம்ல குறிச்சு வெச்சாங்களே தவிர மணிக்கணக்கா நேரம் போட்டது இந்த ஒண்ணுல மட்டும்தான். ஏன் இப்படின்னு நான் கேட்டப்போ வந்த பதில்தான் இந்த ரிவ்யூவ எழுத வெச்சுது. "நீங்க ஜெயிச்ச பிறகு ஜட்ஜ் என் பில்ல பாப்பாரு. தேவையில்லாத வேலைக்கு போட்ட நேரத்த வெட்டுவாரு. வெட்டினது உங்க பாக்கெட்லேர்ந்து போகும்."

ட்ரையலுக்கு முன்னாடி ஓனர் பக்க லாயர் ஒரு ஆஃபர் அனுப்பினாரு, கேஸ வாபஸ் வாங்கறோம், அவங்கவங்க ஃபீஸ் அவங்கவங்களுதுன்னு. இந்த இடத்த எல்லாரும் கொஞ்சம் நிதானமா படிங்க. லீஸ அடிப்படையா வெச்சு போட்ட கேஸ ஓனர் தானா வாபஸ் வாங்கிட்டாலோ செட்டில்மென்ட்ல கேஸ் முடிஞ்சாலோ 1717 படி ஜெயிச்சவங்கன்னு யாருமே கிடையாது. அதாவது லீஸ் பாராவ வெச்சு ஃபீஸ் கேட்க முடியாது. ட்ரையல் ஆரம்பிக்கற வரைக்கும் வாபஸ் வாங்கற உரிமை ஓனருக்கு இருக்கு, நாம தடுக்க முடியாது. ஃப்ரீமான்ட்ல எங்க ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு இதுதான் நடந்துச்சு, ட்ரையல் அன்னிக்கு முன்னாடி வாபஸ், அவரு அதுக்குள்ள லாயருக்கு பெரிய தொகை கட்டியிருந்தாரு, வீடு தங்கிச்சு, ஃபீஸ் வரல. கோர்ட் ஃபைலிங் ஃபீ மாதிரி செலவு மட்டும் வந்துச்சு, ஏன்னா அந்த செலவுக்கு ரூல் வேற, வாபஸ் வாங்கினாலும் டிஃபெண்டன்ட்தான் ஜெயிச்ச பார்ட்டி. இதனாலதான் எங்க லாயர் ட்ரையல் தேதி வரைக்கும் பில்ல ஏத்தாம இறுக்கி பிடிச்சு வெச்சிருந்தாங்க, முதல் கட்டத்துக்கு ஃப்ளாட் ஃபீ, ட்ரையல்னு ஆனாதான் மணிக்கணக்கு. அந்த ஆஃபர பத்தி முடிவு உங்களுதுன்னு சொல்லிட்டு, ஒத்துக்கிட்டா என்ன வரும் என்ன வராது, ஒத்துக்கலன்னா அவங்க தானாவே வாபஸ் வாங்கினா என்ன ஆகும்னு ரெண்டையும் எழுதி அனுப்பினாங்க. செட்டில்மென்ட்ல எங்க ஃபீஸ சேர்த்து குடுத்தா சரின்னு பதில் போட்டோம், அவங்க ஒத்துக்கல, வாபஸும் வாங்கல. ட்ரையல் நடந்துச்சு.

ட்ரையல பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. எவிக்‌ஷன் கேஸ் எல்லாம் வேகமா நகரும், ட்ரையல் கேட்டு பேப்பர் போட்டா 20 நாளுக்குள்ள தேதி குடுக்கணும்னு சட்டம். மேனேஜர் சாட்சி சொல்ல வந்தாங்க, லாயர் லெட்ஜர காட்டி "இந்த மொத்தத்துல லேட் ஃபீ எவ்வளவு, யூட்டிலிட்டி எவ்வளவு"ன்னு கேட்டாங்க, மேனேஜரே கால்குலேட்டர் எடுத்து கூட்டி சொன்னாங்க. ஜட்ஜ் அந்த ஒரு பக்க டேபிள வாங்கி பாத்தாரு. நோட்டீஸ் செல்லாதுன்னு எங்க பக்கம் தீர்ப்பு. பாக்கி வாடகைய உடனே கட்டிட்டோம், அது நாம குடுக்க வேண்டியதுதானே, அதுல எங்களுக்கு எப்பவும் மறுப்பு இல்ல.

நிறைய லாயருங்க இங்கயே கை குலுக்கிட்டு கிளம்பிடுவாங்க. உண்மையான வேலை இதுக்கப்புறம்தான். தீர்ப்பு பதிவான நோட்டீஸ் சர்வ் ஆன (முறைப்படி கொண்டு சேர்த்த) தேதிய காலண்டர்ல சிவப்புல போட்டாங்க. கோர்ட் செலவுக்கு எம்சி-010னு ஒரு ஃபார்ம், அத 15 நாளுக்குள்ள போடணும். லாயர் ஃபீஸுக்கு அந்த ஃபார்ம் மட்டும் பத்தாது, தனியா மோஷன் (ஜட்ஜ்கிட்ட எழுத்துல வெக்கற கோரிக்கை) போடணும். எவிக்‌ஷன் கேஸ் பெரும்பாலும் 35,000 டாலருக்குள்ள இருக்கற லிமிடெட் சிவில் கேஸா இருக்கும், அதுல அந்த மோஷனுக்கு நோட்டீஸ் சர்வ் ஆனதுலேர்ந்து 30 நாள், இல்லன்னா தீர்ப்பு பதிவானதுலேர்ந்து 90 நாள், எது முன்னாடி வருதோ அது. பெரிய கேஸுக்கு 60 நாள்ங்கறத மனசுல வெச்சுக்கிட்டு லாயரே இந்த தேதிய தவற விட்டா ஜெயிச்ச காசு போயிரும். உங்க லாயர்கிட்ட ஜெயிச்ச அன்னிக்கே "ஃபீ மோஷன் என்னிக்கு போடறீங்க"ன்னு தேதி கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

மோஷனோட அவங்க பில் ஷீட்ட இணைச்சாங்க. அத நான் முழுசா படிச்சேன். ஒரு மணி நேரத்த பத்தா பிரிச்சு ஆறு ஆறு நிமிஷமா எழுதியிருந்தாங்க, ஒவ்வொரு வரிலயும் ஒரே ஒரு வேலை. "0.4, லெட்ஜர நோட்டீஸோட ஒப்பிட்டது." "0.2, செட்டில்மென்ட் ஆஃபர் பத்தி கிளையன்ட்டோட ஃபோன்." ஃப்ளாட் ஃபீ வாங்கின பகுதிக்கும் நேரம் எழுதி வெச்சிருந்தாங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம், ஏன்னா கோர்ட் கணக்கு போடறது நியாயமான மணி நேரம் பெருக்கல் அந்த ஊர்ல நியாயமான ரேட். "கேஸ் தயாரிப்பு, ஆராய்ச்சி, ஃபோன், 7 மணி நேரம்"னு ஒரே வரில மொத்தமா எழுதற லாயருக்குத்தான் வெட்டு விழும்.

எதிர்பக்கம் எதிர்த்தாங்க. மூவாயிரத்து சொச்சம் டாலர் வாடகை கேஸுக்கு பதிமூணாயிரம் ஃபீஸான்னு கேட்டாங்க. எங்க லாயரோட பதில், போயிருக்கக்கூடியது ஒரு குடும்பத்தோட வீடு, கேஸ போட்டது அவங்க, ட்ரையல் வரைக்கும் இழுத்ததும் அவங்க. ஜட்ஜ் கோர்ட் வராண்டால காத்திருந்த நேரத்துல பாதிய வெட்டினாரு, இன்னும் சில சில்லறை வெட்டினாரு, கடைசில பதினோராயிரத்து சொச்சம் குடுக்கணும்னு ஆர்டர். இந்த மோஷன் எழுதறதுக்கு ஆன நேரத்தையும் சேர்த்து கேட்கலாம்ங்கறது எனக்கு அப்போதான் தெரிஞ்சுது, அதுவும் இந்த தொகைல அடக்கம்.

ஆர்டர் வந்ததும் காசு வந்துருமா? வரல. மேனேஜ்மென்ட் கம்பெனி இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தாங்க. லாயர் அதுக்கும் தயாரா இருந்தாங்க. ஜட்ஜ்மென்ட்டோட சுருக்கத்த கோர்ட்ல முத்திரை வாங்கி கவுன்ட்டி ரெக்கார்டர் ஆஃபீஸ்ல பதிஞ்சா, அந்த கவுன்ட்டில எதிராளி பேர்ல இருக்கற நிலம் கட்டடம் எல்லாத்து மேலயும் லியன், அதாவது கடனுக்கான பிடிப்பு, விழுந்துரும். கடன தீர்க்காம விக்கவோ ரீஃபைனான்ஸ் பண்ணவோ போனா மாட்டிக்கும். மத்த கேஸ்ல ஜெயிச்சவங்க எதிராளிகிட்ட சொத்து எங்க இருக்குன்னு தேடி அலையணும், ஓனர் கேஸ்ல சொத்து நாம குடியிருக்கற கட்டடம்தான், முகவரி கூட தேட வேண்டாம். இத பதியப் போறோம், வருஷத்துக்கு 10 சதவீதம் வட்டியும் ஓடும்னு ஒரு லெட்டர் போட்டாங்க. செக் வந்துருச்சு.

இனி குறைங்க. ஆரம்பத்துல ரிட்டெய்னரா (முன்பணமா) 3,500 டாலர் மொத்தமா கேட்டாங்க, வாடகை பிரச்சனைல இருக்கற குடும்பத்துக்கு அது லேசுப்பட்ட தொகை இல்ல, தவணை கிடையாதாம். ஈமெயிலுக்கு பதில் ரெண்டு நாள் ஆகும், அவசரம்னா ஆஃபீஸ் அசிஸ்டன்ட்டுக்கு ஃபோன் பண்ணாதான் நடக்கும். அப்புறம் கோர்ட் குடுக்கற ஃபீஸ் யாருக்கு சேரும்ங்கற வரி அவங்க அக்ரிமென்ட்ல குழப்பமா இருந்துச்சு, என் வீட்டுக்காரர் கேட்டதுக்கப்புறம்தான் "கிளையன்ட் ஏற்கனவே கட்டின தொகை முதல்ல கிளையன்ட்டுக்கு"ன்னு தெளிவா திருத்தி குடுத்தாங்க. கேட்டதும் முகம் சுளிக்காம திருத்தினாங்க, அது நல்ல விஷயம், ஆனா முதல்லயே அப்படி இருந்திருக்கணும். கலிஃபோர்னியால 1,000 டாலருக்கு மேல போகும்னா ஃபீ அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும்னு சட்டமே இருக்கு, அதனால வாய்ப் பேச்சுல நம்பி எந்த லாயர்கிட்டயும் இறங்காதீங்க.

இவ்வளவு காசு புரட்ட முடியாதவங்க லாயரே வேண்டாம்னு தனியா போறதுக்கு முன்னாடி இலவச உதவிய கேட்டு பாருங்க. சாண்டா கிளாரா கவுன்ட்டில வருமானம் குறைவா இருக்கறவங்களுக்கு லா ஃபவுண்டேஷன் ஆஃப் சிலிக்கான் வேலி மாதிரி அமைப்புங்க இருக்கு, கோர்ட்லயே செல்ஃப் ஹெல்ப் சென்டர் இருக்கு, கோர்ட் ஃபீ கட்ட முடியாதவங்களுக்கு எஃப்டபிள்யூ-001 ஃபார்ம் இருக்கு. இலவசமா வாதாடற லாயர் ஜெயிச்சாலும் லீஸ் பாராப்படி ஃபீஸ் கேட்கலாம், கிளையன்ட் காசு கட்டலைங்கறது ஒரு தடையே இல்ல. ஆனா நீங்களே உங்களுக்காக வாதாடி ஜெயிச்சா உங்க நேரத்துக்கு லாயர் ஃபீஸ்னு ஒண்ணும் வராது. என் கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் எல்லா ஃபார்மையும் தானே போட்டு அருமையா ஜெயிச்சாரு, கைக்கு வந்தது கோர்ட் செலவு மட்டும்தான்.

வீடு தேடறப்போ எவிக்‌ஷன் கேஸ் ரெக்கார்ட்ல தெரியுமான்னு நிறைய பேர் தனியா மெசேஜ்ல கேட்கறீங்க. கேஸ் போட்டதிலேர்ந்து 60 நாளுக்குள்ள ஓனர் பக்கம் தீர்ப்பு வரலன்னா அந்த ஃபைல பொதுவா யாரும் பாக்க முடியாத மாதிரி மூடி வெச்சுடுவாங்க. எங்களுது மூடித்தான் இருக்கு.

மொத்தத்துல 5க்கு 4.5. அரை ஸ்டார் குறைச்சது அந்த ரிட்டெய்னருக்கும் ஈமெயிலுக்கும். போன மாசம் லீஸ் புதுப்பிக்க வந்தப்போ கம்பெனி அட்டர்னி ஃபீஸ் பாராவ மாத்தி 1,000 டாலர் மூடி போட்டு அனுப்பியிருந்தாங்க. லாயர்கிட்ட அனுப்பினேன், காசு வாங்காம பத்து நிமிஷம் ஃபோன்ல பேசினாங்க, அந்த மூடி உங்களுக்கும் பாதுகாப்புதான், அடுத்த தடவை தோத்தாலும் உங்க தலைல விழறது அவ்வளவுதான், ஆனா ஜெயிச்சா செலவு பண்ணினது திரும்பாதுன்னு ரெண்டு பக்கத்தையும் சொன்னாங்க. பழைய பாராவையே வெக்க சொல்லி மேனேஜருக்கு எழுதியிருக்கோம், பதில் வரட்டும்.